துணுக்காய் வழியிலே

மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டு மேற்கே வெள்ளாங்குளம் நோக்கித் திரும்பினால், முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயை அடையலாம். வயலும் குளமும் காடும் கலந்த பூமி. மாடுகளுக்கும் வீதியிலே உரிமையுண்டு.

நாம் சென்ற காரை ஓட்டியவன், 18 வயது நிரம்பி அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞன். 2009இல் போர் ஓய்ந்தபின் மீளக் குடியமர்ந்த அவன் தந்தை, பல போக நெல்லை விற்று வாங்கிய கார் அது. குறுக்கிட்ட கன்றுக்கு விலத்தியபோது மதகுக் கட்டில் உரசி, மட்காட்டில் ஒரு சாண் கீறல் விழுந்தது.

வீடு சேர்ந்ததும், எவரும் கேட்குமுன்னரே, "ஐயா, கார் உரசுப்பட்டுப் போச்சுது, நான் கொஞ்சம் வேகமாய்த்தான் வந்தனான்" என்றான்.

கமக்காரராகிய தந்தை கீறலைத் தடவிப் பார்த்தார். "குளக்கட்டிலே நண்டுவளையைக் கண்டவன் உடனே சொன்னால் ஒரு கூடை மண் போதும், மறைச்சால் வயலெல்லாம் வெள்ளம்" என்று கூறி, சாவியை அவனிடமே கொடுத்தார்.

குளத்தை நம்பி வாழும் வன்னியார் அறிந்த பாடம் இது. இளைய வாசகர்களுக்கும் உரியதன்றோ?