ஓ2 போட்டால் நிற்கும் போர்டு

புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் இறங்கி, கிராப் பிடித்து புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டைக்குப் போனேன். 1972இல் இன்டெல் பாயான் லெப்பாஸுக்கு வந்ததிலிருந்து பினாங்குத் தீவில் வளர்ந்த மின்னணுத் தொழில் பெருநிலப் பக்கமும் பரவிவிட்டது. நான் தேடிப் போனது ஒரு சின்னப் பட்டறை. கன்வேயரில் போகும் பெட்டிகளை எண்ணும் போர்டு செய்கிறார்கள்.

"டிபக் பில்டுல நல்லா ஓடுது அண்ணே. ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டா அசையாம நிக்குது. கம்பைலர்தான் கோளாறு லா" என்றார் ஃபர்ம்வேர் எழுதும் தம்பி.

கம்பைலர் தந்த அசெம்ப்ளியைத் திறக்கச் சொன்னேன். பெட்டி வந்ததும் சென்சார் இண்டரப்ட் கொடுக்கும். அந்த ரூட்டீன் 'ரெடி' என்ற மாறியில் 1 போடும். மெயின் லூப் அது 1 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். திரையில் தெரிந்ததோ வேறு: 'ரெடி'யை ஒரே ஒரு முறை படிக்கிறது, பூஜ்யம் என்றால் தன்னிடத்துக்கே தாவும் ஒற்றைக் கட்டளை. மெமரியில் 1 வந்தாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

கம்பைலர் கணக்கில் இதில் தப்பே இல்லை. லூப்புக்குள் 'ரெடி'யை யாரும் மாற்றவில்லை; இண்டரப்ட் ரூட்டீனை அழைப்பது ஹார்டுவேர் என்பது அதற்குத் தெரியாது. 1989 ஆன்சி தரநிலையோடு சி மொழியில் இடம்பிடித்த 'வோலட்டைல்' அதற்குத்தான்: நிரலில் எழுதிய ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் நடந்தே ஆக வேண்டும். அறிவிப்பில் அதைச் சேர்த்து மறுபடி பில்ட் செய்தார். படிக்கும் கட்டளை லூப்புக்குள் வந்துவிட்டது. போர்டும் எண்ணத் தொடங்கியது.

சீரியல் தொடர்புக்கான யூஆர்ட் ரெஜிஸ்டரை மட்டும் இவ்வளவு நாள் எப்படிச் சரியாகப் படித்தார்? சிப் கம்பெனியின் ஹெடர் கோப்பிலேயே வோலட்டைல் இருக்கிறது. நாமே அறிவிக்கும் மாறிகளில்தான் விட்டுவிடுகிறோம்.

"அப்போ எல்லாத்துக்கும் போட்டுடலாமே?"

வோலட்டைல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இந்த ஆசைதான் ஆபத்து. பக்கத்தில் இருந்த பழைய போர்டில் 8 பிட் ஏடிமெகா328பி. எண்ணிக்கையோ 16 பிட். இரண்டு பைட்டாகத்தான் படிக்கும். எண்ணிக்கை 255 இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்துவிட்டது. அடுத்த நொடிக்குள் இண்டரப்ட் வந்து 256 ஆக்கிவிட்டது. பிறகு மேல் பைட். கையில் கிடைப்பது 511. வோலட்டைல் போட்டிருந்தாலும் அதே 511தான். படிக்கும் அந்தச் சில கட்டளைகளுக்கு இண்டரப்டை நிறுத்திவைக்க வேண்டும்.

கம்பைலரும் உத்தமர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். 2008இல் ஆய்வாளர்கள் ஜான் ரெகரும் எரிக் ஐடும் 13 சி கம்பைலர்களைச் சோதித்தபோது, வோலட்டைலை ஒன்றுகூட எல்லா நேரமும் சரியாகக் கையாளவில்லை. அசெம்ப்ளியைத் திறந்து பார்ப்பது வீண் வேலையில்லை.

தம்பி படிப்பதற்கு முன் இண்டரப்டை நிறுத்தி, பின் திறந்துவிடும்படி எழுதினார். சற்று யோசித்தவர், "ஏற்கெனவே நிறுத்தி வச்ச இடத்திலிருந்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டா? நான் திறந்துவிட்டுருவேனே" என்றார். இண்டரப்ட் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை முதலில் ஒரு மாறியில் எடுத்து வைத்து, முடிந்ததும் அதையே திருப்பிப் போடும்படி மாற்றினார்.