73 வயதில் ஒரு படகு

இந்த வயதில் மனிதர்கள் வாங்கும் பொருள்கள் என்று ஒரு வழக்கமான பட்டியல் உண்டு: ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, முழங்காலுக்கு உறை, குளியலறைச் சுவரில் கைப்பிடி. இவை மூன்றும் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. நான்காவதாக ஒரு கயாக் வந்திருக்கிறது.

தொடங்கி வைத்தவன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேர் உட்காரும் வாடகைப் படகில் என்னை முன்னால் ஏற்றிவிட்டான். அரை மணி நேரம். இறங்கும்போது என் இடது முழங்கால் வலிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகம் வரை நடந்தாலே முணுமுணுக்கும் கால் அது. அவன் ஊருக்குப் போன பிறகு நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். அங்கே பழக்கிவிடும் ஒரு பையனிடம் மூன்று மாதம் முறையாகக் கற்றுக்கொண்டேன்.

ஒரு சின்ன விஷயம். தமிழில் துடுப்பு என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் படகோடு பிணைத்திருப்பது ‘ராம்’, கையில் சும்மா பிடித்திருப்பது ‘பகே’. திக்தேயில் இவற்றை மாற்றி எழுதினால் எங்கள் மிஸ்யே அரை மதிப்பெண் குறைப்பார். கயாக்குக்கு இரு முனையிலும் இலை உள்ள பகே. அதைக் கையால் மட்டும் இழுத்தால் தோள் கெட்டுப்போகும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் போட வேண்டும். இது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு சொந்தப் படகு ஆசை வந்தது. 36 வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோடு போட்ட தாளில் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். நீளம், அகலம், எடை, எவ்வளவு கனம் தாங்கும், விலை. ஆபீசாக இருந்தால் குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் கோப்பை மூடியிருப்பேன். ஆனால் இந்தக் கோப்பில் ஒரு முறைகேடு நடந்தது. என் மனசு பட்டியல் போடுவதற்கு முன்பே 14 அடி நீளத்தில், ஒடுக்கமாக, அம்பு மாதிரி இருக்கும் ஒரு படகை முடிவுசெய்துவிட்டது. உள்ளே காலை நீட்டி உட்காரும் வகை. நீளமும் ஒடுக்கமும் இருந்தால் வேகம் வரும், நேராகப் போகும். பார்க்க அவ்வளவு அழகு.

அதே மாதிரிப் படகு தெரிந்தவர் ஒருவரிடம் இருந்தது. ஒரு நாள் காலை இரவல் வாங்கினேன். கரையிலிருந்து பத்தடி கூடப் போகவில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பப் பார்த்தபோது கவிழ்ந்தது. தலை கீழே, கால் மேலே. நான் நீந்தத் தெரிந்தவன். பாகூரில் பாட்டி வீட்டுக் கிணற்றில் கற்றது. ஆனால் நீச்சல் தெரிந்து என்ன, மடங்காத முழங்கால் படகின் விளிம்புக்குள் மாட்டிக்கொண்டது. அந்தப் பையன் வந்து இழுக்கும்வரை எத்தனை விநாடியோ, மூன்றோ ஐந்தோ. கலங்கிய பச்சைத் தண்ணீருக்குள் கண் திறந்தபடி இருந்தேன். பயம் என்பதைவிட, ‘சரி, இப்படியா?’ என்று ஒரு வியப்புதான் இருந்தது.

வெளியே வந்து பார்த்தால் படகு முழுக்கத் தண்ணீர். இரண்டு பேர் சேர்ந்து கரைக்கு இழுத்துக் கவிழ்த்துக் கொட்டினோம். நடு ஆற்றில் ஆகியிருந்தால் யார் கொட்டுவது? அன்று வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையில் இருந்த சேற்றை என் மனைவி பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

கயாக் என்பது வடதுருவத்துப் பக்கம் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தில் கடல்நாய்த் தோல் போர்த்திச் செய்வார்கள். ஓட்டுகிறவனின் உடம்பை வைத்தே அளவெடுப்பார்களாம்: நீளத்துக்கு விரித்த கைகளைப்போல மூன்று மடங்கு, அகலத்துக்கு இடுப்போடு இரண்டு கைமுட்டி. தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது மாதிரி. நான் என்னுடைய 25 வயது உடம்புக்கு அளவு கொடுத்திருந்தேன்.

பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். இந்த முறை முதல் கேள்வி, தண்ணீரில் விழுந்தால் யார் உதவியும் இல்லாமல் நான் திரும்ப ஏற முடியுமா. இரண்டாவது, இறங்கும்போது எழுந்து நிற்க முடியுமா. வேகம் கடைசிக்குப் போயிற்று.

காற்றடிக்கும் ரப்பர்ப் படகையும் பார்த்தேன். 12 கிலோதான், பையில் மடித்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் காற்று கொஞ்சம் வீசினாலும் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் பம்பு அடித்து, பிறகு காயவைத்து மடிக்க வேண்டும். ஐப்பசி மழையில் எங்கே காயவைப்பது?

கடைசியில் எடுத்தது மேலே உட்காரும் வகை. 10 அடி நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், தடித்த பிளாஸ்டிக். உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. மேலே விழும் தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். 150 கிலோ தாங்கும் என்கிறார்கள். நான் 78. எல்லைவரை ஏற்றினால் படகு தாழ்ந்து மந்தமாகிவிடும் என்பதால் 120 கிலோப் படகை விட்டேன். இறங்கும்போது இரண்டு காலையும் ஒரு பக்கம் தொங்கவிட்டுத் திண்ணையில் உட்காருவது போல உட்கார்ந்து, முழங்காலளவுத் தண்ணீரில் மெதுவாக எழலாம். விலையை இங்கே எழுதினால் வீட்டில் இன்னொரு விசாரணை வரும்.

வாங்குவதற்கு முன் அந்தப் பையனைப் பக்கத்தில் நிற்கவைத்து வேண்டுமென்றே நாலு தரம் விழுந்தேன். நடுவில் பிடித்து, காலை உதைத்து, வயிற்றால் மேலே சறுக்கி, புரண்டு உட்கார வேண்டும். முதல் மூன்று தரம் முடியவில்லை. நாலாவது தரம் ஏறிவிட்டேன். “சார், இதுக்கு மேல டெஸ்ட் வேணாம் சார்” என்றான். மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயந்திருப்பான்.

வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருக்கிறார். படகைத் தட்டி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இது கட்டுமரந்தான சார்? தண்ணி ஏறும், எறங்கும். ஆளு விழுந்தா திரும்பத் தொத்திக்கலாம். பிளாஸ்டிக்ல ஊத்திட்டான், அவ்ளோதான்” என்றார்.

பள்ளியில் ஒரு நாள் திக்தேயில் ‘கத்தமரான்’ என்று வந்தது. இது உங்கள் பாஷையிலிருந்து எங்களுக்கு வந்த சொல் என்றார் மிஸ்யே. எங்கள் வகுப்பு முழுக்கத் திரும்பி, குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையனைப் பார்த்தது. அவன் அந்தச் சொல்லைப் பிழையாக எழுதியிருந்தான். எல்லோரும் சிரித்தோம். 60 வருஷம் கழித்து அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் கசக்கிறது.

படகு 24 கிலோ. தனியாகத் தூக்க முடியாது. இரண்டு சக்கர வண்டியில் வைத்துத் தள்ளுகிறேன். வெயிலில் பிளாஸ்டிக் கெடும் என்பதால், ஆற்றோரம் ஒரு வீட்டுக் கொட்டகையில் மாதம் ஒரு தொகை கொடுத்துப் போட்டிருக்கிறேன். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறுவதில்லை. விசில் ஒன்றை என் மனைவி கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எட்டு மணிக்குள் கரையில் இருக்க வேண்டும். பிளாஸ்க்கோடு அவளும் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள்.

போன ஆடியில் ஒரு நாள், போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போ, வரும்போது அது உன்னைக் கொண்டுவரும் என்று பையன் சொல்லிக்கொடுத்ததை மறந்தேன். வற்றம் முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது, மேல்காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. சுகமாகப் போய்விட்டேன். திரும்பினால் இரண்டும் முகத்துக்கு நேரே. பத்து துடுப்புப் போட்டால் எட்டு துடுப்புத் தூரம் பின்னுக்குப் போகிறது. கரையோரமாக ஒதுங்கி, தாழைப் புதர்களின் மறைவில் காற்று குறைந்த இடமாகப் பார்த்து ஊர்ந்து வந்தேன். எட்டு இருபது.

வேப்பமரத்தடியில் பிளாஸ்க் மட்டும் இருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். நீந்தத் தெரியாதவள்.

“இங்க எதுக்கு நிக்கிற?” என்றேன்.

“படகைப் பிடிக்க ஆள் வேணாமா?” என்றாள். பிடித்தாள்.