கண்டிக் காட்டில் மூச்சும் எண்ணும்

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் கண்டி. கடுகண்ணாவை வளைவுகளில் பெட்டியே சன்னலோரம் திரண்டது. மதுரையிலிருந்து வந்தவர் மட்டும் புத்தகத்தை மூடவில்லை. ஞானபோனிக தேரர் சதிபட்டானம் என்னும் விழிப்புநிலைத் தியானம் பற்றி எழுதிய நூல் அது. அதை எழுதியவர் வாழ்ந்த காட்டைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே.

புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறுகிறது உடவத்தகெலைக் காடு. அதிலுள்ள ஆசிரமத்தில் ஞானபோனிகர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தார். 1901-இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்பதற்காகவே பிரிட்டிஷார் அவரை டேராடூன் முகாமில் அடைத்தனர். அங்கும் பாலி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1952-இல் ரங்கூன் போய்த் தியான ஆசிரியர் மகாசி சயாடோவிடம் பயின்றார். 1958-இல் நண்பர்களோடு கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்.

அந்தச் சங்கத்தின் கடை ஏரிக்கரையிலேயே இருக்கிறது. பயணி அங்கே வாங்கியது விசுத்திமக்கம் என்னும் பழைய தியான நூல். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதியது. காஞ்சிபுரத்தில் தங்கியதைத் தன் உரைநூல் ஒன்றின் முடிவில் குறித்திருக்கும் அதே புத்தகோசர்.

தடித்த புத்தகம். அதில் தியானத்தின்போது மூச்சை எண்ணும் பகுதி சில பக்கங்கள்தான். ஐந்துக்குக் குறைவாக எண்ணி நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே என்கிறது. காரணமும் சொல்கிறது. ஐந்துக்குள் நிறுத்தினால், நெருக்கடியான பட்டியில் அடைத்த மாடுகளைப்போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

காட்டுக்குள் ஒரு மரத்தடியில் அவர் எண்ணிப் பார்த்தார். மேலே குரங்குகள் கிளை தாவின. சருகிலிருந்து ஓர் அட்டை கணுக்காலில் ஏறியது. எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். வேண்டுமென்றே பத்தைத் தாண்டியும் பார்த்தார். சிறிது நேரத்தில் எண் தானாக ஓடியது, மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. புத்தகோசர் சொன்னது சொன்னபடியே நடந்தது!

படித்தது போதும், உட்கார் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை எங்கே பிசகும் என்பதை உட்கார்ந்து பழகியவர்கள்தான் கண்டுபிடித்திருக்க முடியும். அவர்கள் அதை எழுதியும் வைத்தார்கள். அதைப் படிக்காமல் விடுவது பெரும் இழப்பு.

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். காட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மழைக்காலமென்றால் நீளமான காலுறை அவசியம்.