காற்று வாங்கிய கதை

உங்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள் விடத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம். கையில் காப்பி டம்ளர் இருக்கும். காரணமாகத்தான் கேட்கிறேன். முப்பது வயதைத் தாண்டி, பத்திரிகை ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நான், போன மாசி மாதம் ஒரு சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டேன். ஜெயித்தேனா என்று இப்போதே கேட்டுவிடாதீர்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் செம்மங்குப்பம் என்று ஓர் ஊர். பக்கத்தில் தொழிற்பேட்டை, கிழக்கே உப்பனாறு, அதற்கும் அப்பால் கடல். அந்தப் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றி எழுதத்தான் போனேன். போன இடத்தில் ஓர் அணிக்கு ஆள் குறைந்தது. நான்காவது பெண்ணுக்குக் காய்ச்சலாம். "அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது விடுதிக்கும் வகுப்புக்கும் நான் சைக்கிளில்தான் போவேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நிமிஷம் யாருடைய சைக்கிளோ என் கையில் இருந்தது!

என் அணியில் ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்யும் ஓர் அக்கா. அக்காவிடம் இருந்தது ஆண்கள் விடுகிற, குறுக்குக் கம்பி வைத்த பெரிய சைக்கிள். "பயமாக இல்லையா, அக்கா?" என்றேன்.

"நான் வளர்ந்ததே இந்தக் கம்பி மேலதான்" என்று சிரித்தாள்.

அவள் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்கியவர்கள், ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொள்ள மற்றொருத்தி மிதிக்கப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று, ஹாண்டில்பாரில் கொடி பறக்க, மணியை அடித்துக்கொண்டு 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். அந்த மாவட்டத்தில் நடந்த சைக்கிள் காட்சிகளிலும் போட்டிகளிலும் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போகவே, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதிலும் ஒரு சௌகரியம் கண்டார்கள்: குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். அப்படி உட்கார்ந்த குழந்தைகளில் ஒருத்திதான் எங்கள் அக்கா.

பந்தயத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். நால்வர் சேர்ந்து புறப்பட வேண்டும். மூன்றாவது ஆள் கோட்டைத் தொடுகிற நேரம்தான் அணியின் நேரம். ஒலிம்பிக்கிலேகூட 1992 வரை ஆண்களுக்கு இப்படியொரு நால்வர் பந்தயம் இருந்தது. பெண்களுக்கு அங்கே சாலைப் பந்தயம் என்று ஒன்றை வைத்ததே 1984-ல்தான். அது போகட்டும்.

எங்களுக்குத் தூரம் 20 கிலோமீட்டர். ஒரு கிளைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும்; அப்படி இரண்டு தடவை. காலை ஏழு மணிக்கு ஆரம்பம் என்று சொன்னார்கள். கொடியசைக்க வேண்டியவர் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் கடற்காற்று எழும்பிவிட்டது.

புறப்பட்டதும் நான் முன்னால் பாய்ந்தேன். என்ன வேகம்! "தங்கச்சி, மெதுவா! காத்து வருது, பின்னால வா!" என்று அக்கா கத்தினாள். என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தேன்.

சைக்கிளை வேகமாக விடும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போனால், ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். ஆகவே தெரிந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முழங்காலுக்கு மட்டும் அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது தடவை திரும்புவதற்குச் சற்று முன்னால் டீச்சரின் செயின் கழன்று விழுந்தது. "நீங்க போங்க!" என்று அவர் கையை ஆட்டினார். மிச்சம் மூன்று பேர். அதாவது, அணியின் நேரம் இனி என் நேரம். என் கால்களோ கல்லாகிவிட்டன. ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து பழகினவர்களின் உழைப்பெல்லாம், அன்று காலையில் வந்து சேர்ந்த என் காலில் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது.

முன்னால் ஐம்பது அடி போய்விட்ட அக்கா திரும்பிப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். நேராக என் முன்னால் வந்து அந்தப் பெரிய சைக்கிளை நிறுத்தி வைத்தாற்போல் ஓட்டினாள். "ரோட்டைப் பார்க்காதே, தங்கச்சி. என் சக்கரத்தை மட்டும் பாரு." நர்ஸ் அம்மாள் கடல் பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டாள். சட்டென்று காற்று நின்றது. அப்படி ஒரு நிழல் காற்றிலும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஐந்து அணிகளில் நாங்கள் மூன்றாவது. பரிசு இரண்டு அணிகளுக்குத்தான். பதினொரு விநாடியில் போயிற்று!

கோட்டருகே அக்காவின் பெண் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. பரிசோடு வருவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாளாம். "நடுவுல ஏம்மா மெதுவாப் போனே?" என்று கேட்டது குழந்தை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணாவது ஆள் வரணுமில்ல?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தனியாகப் போய் ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், ஒரு கணித நிபுணர், துணைக்கு ஒருவரும் இல்லாமல் 137 கிலோமீட்டர் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். நெதர்லாந்தின் பலசாலிகள் நாலு பேர் பின்னால் வந்தார்கள். முன்னால் இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியாததால், இரண்டாவதாக வந்த அம்மாள் தாமே முதல் என்று கையைத் தூக்கிவிட்டார்! நாலு பேர் இருந்தால் மட்டும் அணி ஆகிவிடாது, பாருங்கள்.

அன்று மாலை அக்காவிடம், "உங்களால் மட்டும் எப்படி அந்தக் காற்றைத் தாங்க முடிந்தது?" என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளையில அம்மா என்னைக் கம்பியில வெச்சு மிதிக்கும். காத்தெல்லாம் என் மூஞ்சிக்குத்தான் வரும். அதான் பழகிப்போச்சு" என்றாள்.

செப்டம்பரில் அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் போட்டி நடக்கிறதல்லவா? அக்காவின் பெண் அதற்குத் தயாராகிறாள். சாயங்காலம் கேன்டீன் வேலை முடிந்ததும் தாயும் பெண்ணும் சாலையில் இறங்குகிறார்களாம். அம்மா முன்னால், பெண் பின்னால். பாதி வழி போனதும் பெண்ணை முன்னால் விட்டுவிடுகிறாளாம். காற்று அவளுக்கும் பழக வேண்டாமா?

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடக்கும். தூசி தட்டி, டயருக்குக் காற்றடித்து வையுங்கள். எதிர்வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் புறப்பட்டவுடனே மட்டும் முன்னால் பாயாதீர்கள். பட்டவள் சொல்கிறேன்!