கெட்டுவள்ளம்

மலையாளத்தில் 'கெட்டு' என்றால் கட்டு. ஆணி அடிக்காமல், அயனிப் பலகைகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிச் செய்ததாகையால் அது கெட்டுவள்ளம். தமிழ்க் காதுக்கோ 'கெட்டுப்போனது' என்ற பொருளும் சேர்ந்தே கேட்கிறது. பழைய படகை விலைபேசுகிறவன் இவ்விரு பொருள்களுக்கும் நடுவே நின்றுதான் முடிவெடுக்க வேண்டும் என்பதை ஆலப்புழையில் கண்டேன்.

வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பிய என் அத்தான், தம் சேமிப்பைக் கொண்டு பழைய வீட்டுப்படகு ஒன்றை வாங்கிச் சுற்றுலாவுக்கு விட விரும்பினார். மலையாளம் வாசிப்பேன் என்பதால் ஆவணங்களைப் பார்க்க நானும், மரம் பார்க்க எங்கள் ஊர் முதிய ஆசாரி ஒருவரும் உடன் சென்றோம்.

நெல் சுமந்த வள்ளங்கள் லாரிகள் வந்தபின் வேலையிழந்து, 1990களில் மூங்கிற்கூரை பெற்று உல்லாசப் படகுகளாயின என்பது பலரும் அறிந்த கதை. நாங்கள் பார்த்த படகில் குளிரூட்டிய அறைகள், புது வண்ணம், மேலே ஒரு மாடி. அத்தான் அறைகளைப் பார்த்தார். ஆசாரி நேரே எஞ்சினிடம் போய்க் கையை வைத்தார், சூடாக இருந்தது.

"நாம வருமுன்ன ஓட்டி வெச்சிருக்கான். ஆறிக் கிடக்கும்போ கிளப்பினாத்தான் அதுக்க சீக்கு தெரியும்" என்றார்.

பிறகு தரைப்பலகையை விலக்கி அடியில் இறங்கினார். கட்டையால் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது. சில இடங்களில் ஓசை அமுங்கியது. அங்கெல்லாம் கத்திமுனையை வைத்து அழுத்த, அது எளிதாக இறங்கியது. வெளியே ஃபைபர் உறை போட்டிருந்தார்கள். அவ்வுறை நீரைத் தடுக்கும். ஆனால் எங்கேனும் கசிந்தால் ஈரத்தை உள்ளேயே தேக்கி, மரம் உளுத்துப்போவதைக் கண்ணுக்கு மறைத்தும் விடும்.

ஆவணத்தில் எனக்கு வேறொன்று தட்டுப்பட்டது. பதிவுச் சான்றில் அந்த மாடி இல்லை. மேலே எடை ஏற ஏறப் படகு நிலை தளரும். ஆட்கள் ஒரு பக்கமாக ஒதுங்கினால் போதும். 2023 மே 7 அன்று தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பறித்த உல்லாசப் படகும் மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டதுதான். மரம் உளுத்தால் பணம் போகும்; இது அப்படியன்று.

உரிமையாளர் விலையில் இரண்டு லட்சம் குறைக்க முன்வந்தார். அத்தானின் முகம் மலர்ந்தது. ஆசாரி, படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைக் காட்டச் சொன்னார். சீசன் முடியட்டும் என்றார் அவர்.

"அப்போ வெலையும் அன்னைக்கே பேசலாம்" என்று ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அத்தான் ஒருமுறை அந்த மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுப்பேதும் சொல்லாமல் எங்களுடன் இறங்கினார்.