வளைஞ்ச மலை

கடைசி செமஸ்டர். ரூம்மேட்டுக்கு ஒரு ஸ்கிராப்புக் செய்யலாம்னு உட்கார்ந்தேன். ஆன்லைன்ல விக்கிற சிப்போர்டு அலங்காரமெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகலை. வேங்கிக்கால் வீட்டில் போன வருஷத் தினசரி காலண்டர் அட்டை இருந்தது. அதுவும் பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்த அட்டைதானே! அண்ணாமலை வடிவத்தில் வெட்டினேன். நாங்க சேர்ந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தது ஞாபகம் வரட்டும்னு.

பெயிண்ட் அடிச்சதும் மலை வளைஞ்சிடுச்சு. ஈரம் பட்ட பக்கத்து நார் மட்டும் உப்புறதுதான் காரணம். பின்பக்கமும் அதே மாதிரி அடிச்சு, காய்ஞ்சதும் ராத்திரி முழுக்க புத்தகங்களுக்கு அடியில் வச்சேன். நிமிர்ந்துடுச்சு.

மூணாவது வருஷம் போட்ட சண்டைக்கு இன்னும் நான் சாரி சொல்லலை. அதை மலையின் பின்பக்கம் எழுதினேன். ஃபெவிகால் போட்டு ஒட்டினா அது தெரியாதே? அதனால ஒட்டலை, ஒரு காகிதப் பை செஞ்சு அதில் சொருகிட்டேன்.

எடுத்துப் பார்ப்பாளா?