பட்டன், பட்டன்

என் அண்ணனுக்குக் கண் பார்வை போய் நாலு வருடம் ஆகிறது. கட்டுமாவடிக் கடலில் ஆயுளைக் கழித்தவர். இன்றைக்கும் எழுந்ததும் காற்று எப்படி என்றுதான் முதல் கேள்வி. கைபேசியைத் தடவினால் அது வாசித்துச் சொல்லும்.

அவருக்காகப் பேரன் ஒரு இணையப் பக்கம் செய்தான். காற்று, மழை, அலை என்று சின்னச் சின்னப் படங்கள். தொட்டால் விவரம் வரும். படங்கள் இலவசமாகக் கிடைக்கும் 'ஐகான்' தொகுப்பில் எடுத்தவை. கைபேசியோ தொட்ட இடமெல்லாம் "பட்டன், பட்டன்" என்றது.

"ஏன்டா, சட்டையா தைச்சிருக்கே?" என்றார் அண்ணன். பையன் முகம் சுண்டிவிட்டது.

1951-52 தேர்தலில், படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டிக்குப் பெட்டி சின்னம் ஒட்டினார்கள். அது கண் உள்ளவர்களுக்குச் சரி.

ஓய்வுக்குப் பிறகு இதெல்லாம் கொஞ்சம் கற்றுக்கொண்டவன் நான். இருவரும் உட்கார்ந்தோம். படத்தை அங்கங்கே ஒட்டாமல், 'வெப் காம்பொனன்ட்' முறையில் சொந்தமாக ஒரு குறிச்சொல் செய்தோம். அதன் பெயரில் ஒரு சிறுகோடு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் ஏற்காது. படத்தோடு அதைச் சொல்லும் தமிழ் வார்த்தையையும் அதற்குள்ளேயே வைத்தோம். வார்த்தை விட்டுப்போனால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும்படி பையன் எழுதினான். இனி ஓரிடத்தில் திருத்தினால் பக்கம் முழுக்கத் திருந்தும். நூற்றுக்கு மேல் இடங்கள், ஒரு ராத்திரி வேலை.

காலையில் கைபேசி "காற்று, வாடை" என்றது. அண்ணன் வாசலுக்குப் போய் முகத்தைத் திருப்பி நின்றார்.

"வாடை விடியுமுன்னே விட்டுப்போச்சு தம்பி. இருந்தாலும் பேசுதே, பரவாயில்லை."